பழைய ஷெவி பிக்கப்பில் டிஸ்க் பிரேக் மாட்டுவது: முதன்முறை செய்பவர்களுக்கு

பழைய ஷெவர்லே சி10 வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் காசை பெயின்டிலோ இன்ஜினிலோதான் போடுகிறார்கள். நான் பிரேக்கில் போடச் சொல்வேன். 60-களில் வந்த அரை டன் பிக்கப்பில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் ஷூ எனும் வளைந்த கட்டைகள் அழுந்திப் பிடிக்கும். அந்தக் காலச் சாலைக்கும் அந்தக் கால வேகத்துக்கும் அது போதுமானதாக இருந்தது. இன்று ஹைவேயில் உங்களுக்கு முன்னால் போகிற கார் ஏபிஎஸ்-ஸோடு சட்டென்று நின்றுவிடும். உங்கள் வண்டி அப்படி நிற்காது.

இந்த வழிகாட்டி 1963 முதல் 1972 வரையிலான, பின்சக்கர இயக்கம் கொண்ட சி10-க்கானது. 1960 முதல் 1962 வரை முன்பக்கம் டார்ஷன் பார் சஸ்பென்ஷன். 1963-ல்தான் காயில் ஸ்பிரிங் வந்தது. அதனால் இங்கே சொல்லும் முன்பக்க பாகங்கள் அந்த ஆரம்ப வண்டிகளுக்கு நேராகப் பொருந்தாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள கே10-க்கு முன்னால் முழு ஆக்சில் இருப்பதால் அது வேறு வேலை.

எதை முதலில் மாற்றுவது?

1966 வரை வந்த சி10-ல் மாஸ்டர் சிலிண்டர், அதாவது மிதிப்பைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் பாகம், ஒற்றைச் சுற்று. ஒரே டேங்க், ஒரே பிஸ்டன், நான்கு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம். ஏதாவது ஒரு வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) கசிந்தாலோ, ஒரு ஹோஸ் வெடித்தாலோ, பெடல் தரைவரை போய்விடும், நான்கு பிரேக்கும் இருக்காது. 1967-லிருந்து இரட்டைச் சுற்று வந்தது. முன்பக்கம் போனாலும் பின்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் போனாலும் முன்பக்கம் பிடிக்கும். டிஸ்க் பிரேக் 1971-ல் முன்சக்கரங்களுக்கு வழக்கமான பொருத்தமாக ஆனது.

இதிலிருந்து என் கட்சி என்ன என்று புரிந்திருக்கும். உங்கள் வண்டி 1967-க்கு முந்தையது, கையில் காசும் குறைவு என்றால், டிஸ்க்கைத் தள்ளிப் போடுங்கள். இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் புது லைனும் (ஆயில் போகும் குழாய்) முதலில் போடுங்கள். நல்ல நிலையில், சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம் வண்டியை நிறுத்தும். ஒற்றைச் சுற்றில் ஒரு கசிவு வந்தால் எந்த பிரேக்கும் நிறுத்தாது. முன்னால் பளபளவென்று டிஸ்க்கை மாட்டிவிட்டு, பின்னால் ஐம்பது வருட இரும்பு லைனையும் ஒற்றை மாஸ்டரையும் அப்படியே விட்டு வைத்திருக்கிற வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வண்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பேப்பரில் இருக்கிற வருடத்தை நம்பி பாகம் ஆர்டர் செய்யாதீர்கள். இந்த வயதுள்ள வண்டியில் யார் யாரோ கை வைத்திருப்பார்கள். மாஸ்டர் சிலிண்டர் மேல் ஒரே வட்ட மூடியா, அல்லது கம்பி கிளிப் போட்ட நீள்சதுர மூடியா? நீள்சதுரம் என்றால் அநேகமாக இரட்டை. சக்கரத்தில் எத்தனை ஸ்டட் (வீல் நட் ஏறும் திருகு)? 1970 வரை அரை டன்னுக்கு 6 ஸ்டட், அவை நிற்கும் வட்டம் 5½ இன்ச். 1971, 72-ல் 5 ஸ்டட், 5 இன்ச் வட்டம். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முன்னால் 5 ஸ்டட் டிஸ்க்கும் பின்னால் பழைய 6 ஸ்டட் டிரம்மும் ஆகிவிட்டால், ஒரே ஸ்டெப்னி முன்னால் பொருந்தினால் பின்னால் ஆகாது, பாதி நேரம் டிக்கெட் வாங்காத பயணிபோலக் கூடவே வரும். 6 ஸ்டட்டிலேயே டிஸ்க் கிட் கிடைக்கிறது. பின் ஆக்சிலில் கை வைக்கும் எண்ணம் இல்லையென்றால் அதையே வாங்குங்கள்.

அடுத்து வீல். 15 இன்ச் வீல் என்றாலும் டிரம்முக்காகச் செய்த பழைய வீலின் உட்புறம் காலிபரில் (டிஸ்க்கை இருபுறமும் பேட் வைத்துக் கவ்வும் பாகம்) இடிக்கக்கூடும். கிட் விற்பவரிடம் வீல் இடைவெளியைக் கேளுங்கள்.

இப்போது வண்டியைத் தூக்கி, ஜாக்கியோடு விடாமல் ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, நான்கு டிரம்மையும் கழற்றிப் பாருங்கள். டிரம் வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்கும் முன், ஷூவைத் தளர்த்துங்கள். தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் ஒரு வரப்பு இருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். பேக்கிங் பிளேட்டில் உள்ள துளை வழியாக ஸ்டார் வீலை (ஷூவின் இடைவெளியை மாற்றும் பல்சக்கரம்) திருப்பினால் இறங்கும்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயாலும் ஊதாதீர்கள், கம்ப்ரஸராலும் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கி, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ரப்பர் உப்பி வழி அடைந்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தப் பக்கச் சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடும். இதை வீல் சிலிண்டர் கோளாறு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

பூஸ்டர் தேவையா?

பூஸ்டர் என்பது காலின் விசையைப் பெருக்கித் தரும் கருவி. டிஸ்க்குக்கு மாறியவர்களில் பாதிப் பேர் முதல் நாள் சொல்வது, "முன்னைவிடப் பெடல் கல்லாட்டம் இருக்கே!" காரணம் இருக்கிறது. டிரம்முக்குள் சக்கரம் சுழலும்போது முன் ஷூவை இழுத்துக்கொண்டு போகிறது. அது கீழே உள்ள ஸ்டார் வீல் வழியாகப் பின் ஷூவைத் தள்ளுகிறது. ஷூ தன்னைத்தானே டிரம்மில் இறுக்கிக்கொள்கிறது. அதாவது வண்டியின் ஓட்டமே பிரேக்குக்கு உதவி செய்கிறது. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. இரண்டு பேட் வட்டைப் பிடிக்கும், எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோமோ அவ்வளவுதான்.

அப்படியானால் டிஸ்க் எதற்கு? டிரம்மின் அந்தத் தன்னிறுக்கம்தான் ஈரத்தில் ஒரு பக்கமாக இழுக்கவும் வைக்கிறது. சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், மலை இறக்கத்தில் பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் சூடானால் தடித்துப் பேடை நோக்கித்தான் வரும், காற்றும் நேராகப் படும். மிதித்த அளவுக்குப் பிடிக்கும் என்ற நம்பிக்கை அதில் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 பவுண்டு விசையில் மிதிக்கிறீர்கள். பெடலின் நெம்பு விகிதம் 6-க்கு 1 என்றால் ராடில் 450 பவுண்டு. 1 இன்ச் விட்டமுள்ள மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 0.785 சதுர இன்ச். வகுத்தால் சுமார் 570 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு). இதே மிதிக்கு 1⅛ இன்ச் மாஸ்டர் போட்டால் சுமார் 450 பிஎஸ்ஐ-தான். அவசரத்தில் டிஸ்க்குக்கு ஆயிரத்தை ஒட்டிய அழுத்தம் வேண்டியிருக்கும். பெரிய மாஸ்டர் போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பது தலைகீழ். பெரிய பிஸ்டன் அதிக ஆயிலைத் தள்ளும், அழுத்தத்தைக் குறைக்கும். பூஸ்டர் இல்லையென்றால் 1 இன்ச்சோடு நிறுத்துங்கள். பூஸ்டர் இருந்தால் 1⅛ சரியாக வரும், பெடல் விகிதமும் 4-க்கு 1 பக்கத்தில் இருக்கலாம்.

பூஸ்டர் இன்ஜின் வேக்யூமில் ஓடுவது. ஐடிலில் 18 இன்ச் வேக்யூம் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள். ஸ்டாக் 250 ஆறு சிலிண்டரோ 350 வி8-ஓ இருந்தால் பெரும்பாலும் இருக்கும். யாராவது பெரிய கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு, ஐடிலில் குதித்துக்கொண்டு நிற்கும் இன்ஜின் என்றால் இருக்காது. அப்போது வேக்யூம் பம்ப் வைக்க வேண்டும், அல்லது பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட் பக்கம் போக வேண்டும்.

மாஸ்டரும் பூஸ்டரும்

பூஸ்டரை ஃபயர்வாலில் மாட்டியதும் பார்க்க வேண்டியது, பூஸ்டரிலிருந்து மாஸ்டருக்குள் போகிற புஷ் ராடின் நீளம். ராட் முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி வேண்டும். ராட் நீளமாகி பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருந்தால், மாஸ்டருக்குள் ஆயில் திரும்பும் துளை மூடியபடியே இருக்கும். சூடேறச் சூடேற பிரேக் தானாகவே பிடிக்கும். ரொம்பக் குட்டையாக இருந்தால் பெடலின் முதல் பகுதி வெறுமனே போகும்.

மாஸ்டரை வண்டியில் மாட்டும் முன்பே மேசை மேல் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். வைஸில் மட்டமாகப் பிடித்து, இரண்டு துளையிலிருந்தும் சின்ன டியூப் போட்டு அதன் மறுமுனையை அந்தந்த டேங்கிலேயே ஆயிலுக்குள் முக்குங்கள். பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளி, மெதுவாக விடுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் பெரிய குமிழ், அப்புறம் ஊசிமுனை அளவுக் குமிழ். அதுவும் நின்று, பிஸ்டன் உள்ளே போக மறுத்தால் முடிந்தது. இதைச் செய்யாமல் மாட்டினால் சக்கரத்தில் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும்.

முன் டிஸ்க், பின் டிரம் என்று வாங்கும் மாஸ்டரில் ஒரு டேங்க் பெரிதாக இருக்கும். அது டிஸ்க்குக்கு. பேட் தேயத் தேய காலிபர் பிஸ்டன் வெளியே வந்து ஆயிலை வாங்கிக்கொள்ளும் என்பதால் பெரிய டேங்க். டிரம் மட்டும் உள்ள வண்டிக்கான பழைய மாஸ்டரின் துளைக்குள் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் ஒரு சின்ன வால்வு இருக்கும். டிரம்முக்கு அது வேண்டும், டிஸ்க்குக்கு ஆகாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே பழைய மாஸ்டரை வைத்தே ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள்.

1960-க்கு முந்தைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் மாஸ்டர் தரைக்கு அடியில் இருக்கிறது, காலிபரைவிடத் தாழ்வு. ஆயில் தானாகத் திரும்பி இறங்கிவிடாமலிருக்க டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ வால்வு தனியாகப் போட வேண்டும்.

லைன்

3/16 இன்ச் குழாய். தாமிர-நிக்கல் கலவை வாங்குங்கள். கையாலேயே வளையும், துருப் பிடிக்காது, ஃபிளேர் (இணைப்புக்காகக் குழாய் முனையை விரித்து அடிப்பது) ஒழுங்காக வரும். ஸ்டெயின்லெஸ் பார்க்க அழகு, புதிதாகக் கற்பவருக்குத் தலைவலி. ஏசி கடையில் கிடைக்கும் வெறும் செம்புக் குழாயும், இரண்டு துண்டைச் சேர்க்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங்கும் பிரேக் பக்கமே வரக் கூடாது.

இந்த வண்டிக்கு இரட்டை ஃபிளேர், 45 டிகிரி. குழாய் முனையை நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு எடுத்து, நட்டைக் குழாயில் கோத்து, அப்புறம் ஃபிளேர் அடியுங்கள். அழகான ஃபிளேர் அடித்து முடித்த பிறகு நட் மேசை மேல் சிரித்துக்கொண்டிருப்பது இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். எல்லா நட்டையும் முதலில் விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டுத்தான் ஃபிளேர் நட் ஸ்பானரைத் தொட வேண்டும்.

நடுவில் காம்பினேஷன் வால்வு வரும். அதற்குள் மூன்று வேலை. பின் ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி டிரம்மைத் தொடும்வரை முன் டிஸ்க்கைக் கொஞ்சம் காக்க வைக்கும். பலமாக மிதிக்கும்போது பின்பக்க அழுத்தம் ஏறும் வேகத்தைக் குறைக்கும். ஒரு சுற்று போய்விட்டால் டேஷில் விளக்கு எரிய வைக்கும். டிஸ்க்-டிரம் வண்டிக்கானதைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்க்-டிஸ்க்குக்கானது வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு.

முன் சக்கரம்

இந்தப் பகுதியில் அவசரம் வேண்டாம். சி10-ன் முன் காயில் ஸ்பிரிங் கீழ்க் கையின் (சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்) மேல் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஸ்டப் ஆக்சிலை (முன்சக்கரம் சுழலும் தண்டுள்ள பாகம்) கழற்றுவது என்றால் பால் ஜாயின்ட்டைப் பிரிப்பது, அதாவது அந்தக் கையைப் பிடித்து வைத்திருக்கும் பிடியை எடுப்பது. கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்து, ஸ்பிரிங்கின் பாரம் அதில் நிற்கும்படி உயர்த்திக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கையும் ஃபிரேமையும் சேர்த்து ஒரு சங்கிலி போடுங்கள். பால் ஜாயின்ட் நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, முழுக்கக் கழற்றாமல் விட்டு, பக்கத்தில் தட்டிப் பிரியுங்கள். டப்பென்று விடும். நட் மாட்டியிருப்பதால் கை கீழே பாயாது. அப்புறம் ஜாக்கியின் துணையோடு நட்டை எடுங்கள்.

1971-ல் டிஸ்க் வந்தபோது ஸ்டப் ஆக்சிலும் மாறியது. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இவற்றின் கூம்பு உங்கள் புது ஸ்டப் ஆக்சிலுக்குப் பொருந்துகிறதா என்று கையில் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, முழுக்க உட்காராமல் நின்றாலோ வேறு வாங்க வேண்டும். ஆழமாக இறுக்கினால் சரியாகிவிடும் என்பது இங்கே செல்லாது, இது ஸ்டீயரிங்.

பேரிங்கை உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் புழுப்போல வெளிவரும்வரை நிரப்புங்கள். வட்டைச் சுழற்றிக்கொண்டே நட்டை 12 அடி-பவுண்டுக்கு இறுக்கி, முழுக்கத் தளர்த்தி, மறுபடி கையால் மட்டும் இறுக்கி, காட்டர் பின் துளைக்குப் பக்கத்து வெட்டு வரும்வரை கொஞ்சம் பின்னால் எடுங்கள். காட்டர் பின் புதிதாக இருக்கட்டும். புது வட்டின் மேல் துருவுக்காக எண்ணெய் பூசியிருப்பார்கள், பேட் படும் முன் கிளீனரால் கழுவிவிடுங்கள்.

காலிபரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல் நோக்கி இருக்க வேண்டும். கீழே பார்த்து இருந்தால் இடது வலது மாறிவிட்டது. அது அப்படியும் மாட்டிக்கொள்ளும் என்பதுதான் விபரீதம், காற்று மேலே தங்கி ஒருநாளும் வெளியே வராது. ஹோஸை மாட்டும் போல்ட்டுக்கு இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர். மாட்டியபின் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையிலும் ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பாருங்கள்.

பின் டிரம்

குறுகிய லைனிங் உள்ள ஷூ முன்பக்கம், நீளமானது பின்பக்கம். ஷூ உரசி நகரும் பேக்கிங் பிளேட் மேடுகளில் ஒரு பொட்டு கிரீஸ். ஸ்டார் வீலைத் திருப்பி, டிரம்மைச் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்கும் அளவுக்குக் கொண்டு வாருங்கள். டிஸ்க் போட்டும் பெடல் தாழ்வாக இருக்கிறதே என்று புது மாஸ்டரைச் சந்தேகிப்பவர்கள், முதலில் பார்க்க வேண்டியது இந்த அட்ஜஸ்ட்மென்ட்டைத்தான். ஹேண்ட் பிரேக் கேபிளை இதற்கு அப்புறம்தான் இறுக்க வேண்டும்.

ஆயில் ஊற்றி ஏர் எடுப்பது

டாட் 3 அல்லது டாட் 4. இரண்டும் கலக்கும். டாட் 5 சிலிகான், இவற்றோடு சேரவே சேராது. பெயர் குழப்பும் டாட் 5.1 சிலிகான் இல்லை. எதுவானாலும் புதிதாக உடைத்த டப்பா. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், பெயின்டையும் தின்னும். ஃபெண்டர் மேல் பழைய போர்வை போட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். இடதுபக்க ஸ்டீயரிங் உள்ள இந்த வண்டிக்குப் பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது. ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். "மிதி" என்றால் மிதித்துப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, "விடு" என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துவிடும். டியூபின் முனை பாட்டிலில் ஆயிலுக்குள் இருக்கட்டும். டேங்க் காலியாக விட்டால் மறுபடி முதலிலிருந்து. வேலை முடிந்தும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வால்வுக்குள் இருக்கும் பிஸ்டன் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

இன்ஜினை அணைத்து, பெடலைப் பல முறை மிதித்துக் கடினமாக்கி, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளை டிஷ்யூவால் தொட்டுப் பார்க்கட்டும். பிரேக் லைட் எரிகிறதா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

முதல் ஓட்டம் காலியான பார்க்கிங்கில், நடை வேகத்தில். பிறகு ஆளில்லாத சாலையில் 30 மைல் வேகத்திலிருந்து 5 மைலுக்கு மிதமாகக் குறைத்து, அரை நிமிடம் ஓட்டிக் குளிரவிட்டு, மறுபடி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை செய்தால் பேட் வட்டில் படியும். நடுவில் சூடாக நிறுத்திப் பெடலை அழுத்தி வைத்திருக்காதீர்கள்.

அப்புறம் பிக்கப்புக்கே உரிய சோதனை. பின்னால் பாரம் இல்லாத பிக்கப்பின் பின்சக்கரங்களில் எடையே இருக்காது. பலமாக மிதித்தால் எடை இன்னும் முன்னால் சாய்ந்து, பின்சக்கரம் லாக் ஆகி, வண்டி பக்கவாட்டில் திரும்பும். ஆள் இல்லாத ஈரத் தரையில், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதித்துப் பாருங்கள். எப்போதும் முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆக வேண்டும். பின்னால் முதலில் லாக் ஆனால், பின் லைனில் திருகி அட்ஜஸ்ட் செய்யும் ப்ரொபோர்ஷனிங் வால்வு ஒன்றைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம். ஏற்கனவே காம்பினேஷன் வால்வு இருந்தால், அதன் பின்பக்கக் குறைப்பும் இதுவும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடாதபடி விற்பவரிடம் கேட்டுப் போடுங்கள். நல்ல பாரம் ஏற்றியும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பின் பிரேக்கை அளவுக்கு மீறிக் குறைத்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

நூறு மைல் ஓடியதும் வீல் நட்டை டார்க் ரென்ச்சால் மறுபடி பார்க்கவும். பின் ஷூவையும் ஒருமுறை அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கும்.

பின்பக்கமும் டிஸ்க் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டுக்கும் கடைக்கும் காலியாக ஓடுகிற சி10-க்கு நான் போட மாட்டேன். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்னால்தான். பின் டிரம் ஹேண்ட் பிரேக்கை எந்தத் தொல்லையும் இல்லாமல் தருகிறது. பின் டிஸ்க் கிட்களில் அந்த ஹேண்ட் பிரேக்கைச் சரியாக வேலை செய்ய வைப்பதே தனிப் பாடு. டிரெய்லர் இழுப்பவர், மலைப் பாதையில் பாரத்தோடு போகிறவர் மட்டும் அதைப் பற்றி யோசிக்கட்டும்.